இருபத்துமூன்றாம் கடிதம்

எங்கள் வீடு திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அண்மையில், ஓர் ஒழுங்கையின் முடிவில் இருக்கின்றது. முற்றத்தில் நின்றால் துறைமுகத்து நீர் தெரியாது. கப்பற் சங்கு மாத்திரம் கேட்கும். அவ்வொலி கேட்கும்போதெல்லாம் அப்பம்மா சொல்லுவா: "போறவை போகினம்." வருபவர்களைப் பற்றி அவ ஒன்றும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 2016ஆம் ஆண்டு அவ காலமான பின்னர், அவவுடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, சேலைகளுக்கு அடியிற் பழைய துவாய் ஒன்றிற் சுற்றப்பட்டிருந்த நீலநிற எயார்மெயிற் கடிதங்கள் எங்களுக்குக் கிடைத்தன. அப்பொழுது எனக்கு வயது பதினைந்து. அவற்றை நான் வாசிக்கவில்லை. வாசிக்கவேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டது பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னர்தான். அத்தேவை எவ்வாறு ஏற்பட்டது என்பதைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதைச் சொல்லுவதற்கு எனது பெருமைக்கு உகந்ததல்லாத ஒரு செய்தியையும் சொல்லவேண்டியிருக்கின்றது.

கடிதங்களை எழுதியவர் என் தந்தையாரின் அண்ணன். அவர் 1974ஆம் ஆண்டு, தமது இருபத்தோராவது வயதில், கணக்காளர் கல்வி கற்பதற்காக இலண்டன் சென்றவர். கடிதங்களுக்கு இலக்கமிட்டவர் எங்கள் அப்பப்பா. அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பிரித்தானியரின் கீழ் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டுவீசித் தாக்கியபோது பதினேழு வயதுப் பயிலுநராக அங்கு நின்றவர். 1957இற் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்துச் சென்றதோடு அவருடைய வேலையும் போயிற்று. பின்னர் ஒரு சிறு பட்டறையிற் கூலிக்கு வேலை செய்தார். களஞ்சியத்திற்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கமிடும் பழக்கம் மாத்திரம் அவரை விட்டுப் போகவில்லை. மகனிடமிருந்து வந்த கடிதங்களின் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் 1, 2, 3 என்று எழுதிவைத்தார். கடைசி இலக்கம் 31; 1983ஆம் ஆண்டுக்குரியது. பெட்டியில் இருந்தவை முப்பது. இருபத்துமூன்றாம் கடிதம் இல்லை.

பெரியப்பா இலண்டன் சென்ற காலத்தின் சூழ்நிலையை இவ்விடத்திற் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் முறை நடைமுறைக்கு வந்து, தமிழ் மொழிமூலம் தோற்றியோருக்கு உயர்ந்த புள்ளி எல்லை வகுக்கப்பட்டிருந்த காலம் அது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு சிங்களத்தின் தனித்த இடத்தையும் பௌத்தத்தின் முதன்மையையும் உறுதிசெய்திருந்தது. பெரியப்பாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அதற்குத் தரப்படுத்தல் காரணமா, அவருடைய புள்ளிகள் காரணமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அப்பா உறுதியாக ஒன்றும் சொன்னதில்லை. ஆனால், பாரபட்சம் உண்மையாக நிலவும் ஒரு நாட்டில் ஒருவன் தனது தோல்விகளில் எது தன்னால் வந்தது, எது தனக்கு இழைக்கப்பட்டது என்று பிரித்தறியும் வாய்ப்பையே இழந்துவிடுகின்றான். அநீதி மனிதனுக்குச் செய்யும் தீங்குகளுள் இதுவும் ஒன்று என்று நான் கருதுகின்றேன்.

முதற் பத்துக் கடிதங்களும் ஒரு தனியனின் கடிதங்கள். நால்வர் சேர்ந்து எடுத்த அறை, மண்ணெண்ணெய்க் கணப்பு, இரவிற் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் வகுப்பிலே நித்திரை. பேசும் ஆங்கிலம் புரியாமல் அரைவாசி விரிவுரை கைதவறிப் போகின்றது. வாடகைக்கு அறை கேட்டுச் சென்ற இடத்திற் கதவு பாதி திறந்து மீண்டும் மூடுகின்றது. ஒவ்வொரு கடிதத்தின் இறுதியிலும் ஊரவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கின்றார்: பக்கத்து வீட்டு ஆச்சியின் முழங்கால் எப்படி, பத்திரகாளி அம்மன் கோவிற் பூங்காவனத்திற்கு யார் யார் வந்தார்கள், கோட்டைக்குள் நிற்கும் மான்கள் இப்போதும் வெளியே வருகின்றனவா என்றெல்லாம்.

பதினொராம் கடிதத்தில் முதன்முதலாக ஒரு கூட்டம் பற்றிய செய்தி வருகின்றது. அதன்பின் கடிதங்களின் மொழி மெல்ல மாறுகின்றது. 'நான்' என்ற சொல் அருகி, 'நாங்கள்' என்ற சொல் பெருகுகின்றது. ஆச்சியின் முழங்கால் மறைந்து 'மக்கள்' வருகின்றார்கள். 1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்தின் பின் எழுதப்பட்ட கடிதத்தில் ஊரவர் ஒருவருடைய பெயரும் இல்லை. அக்கலவரத்தின் செய்தியைத் தொலைவிலிருந்து கேட்ட ஒருவனுடைய வேதனை எத்தகையது என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், ஊரின்மீது கொண்ட வேதனையால் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் ஊரவர்கள் காணாமற்போவது எப்படி என்பதே என்னைப் பல நாள் வருத்திய கேள்வி.

பெரியப்பா சென்ற கூட்டம் யாருடையது என்று கடிதங்கள் சொல்லவில்லை. அக்காலத்து இலண்டனில் இத்தகைய அறைகள் பல இருந்தன. 1975ஆம் ஆண்டு இளையதம்பி இரத்தினசபாபதி முதலியோர் ஈரோஸ் அமைப்பை அந்நகரத்திலேயே தோற்றுவித்தனர். பலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு அவ்வமைப்புத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள, எழுபதுகளிலேயே தமிழ் இளைஞர் சிலர் இலண்டன் வழியாக லெபனானுக்குப் பயிற்சிக்குச் சென்றனர். படிக்கப்போன நகரத்தில் ஆயுதத்தின் முகவரி கிடைத்தது எனலாம். அவ்வமைப்பிலிருந்து பிரிந்தவர்கள் க. பத்மநாபாவின் தலைமையில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியாயினர். வரலாற்றின் வழி எத்துணை வளைந்தது என்பதற்குத் திருகோணமலையே சாட்சி. 1988ஆம் ஆண்டு வடக்குக் கிழக்கு மாகாண சபை அம்முன்னணியின் ஆட்சியில், எங்கள் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. 1990 மார்ச் 24ஆந் திகதி இந்திய அமைதிப் படையின் இறுதி அணியினர் எங்கள் துறைமுகத்திலிருந்தே கப்பலேறினர். அதே ஆண்டு ஜூன் 19ஆந் திகதி பத்மநாபாவும் தோழர்களும் சென்னையிற் சுட்டுக்கொல்லப்பட்டனர். சுட்டவர்களும் தமிழர்களே. இலண்டன் அறையொன்றில் ஒரு கோப்பைத் தேநீரோடு தொடங்கிய பேச்சு பதினைந்து ஆண்டுகளில் எத்தனை கரைகளைத் தொட்டது!

இத்தகைய வரலாறு தமிழருக்குப் புதிதன்று. தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று நாம் வகுப்பிற் படிக்கும் வ. வே. சு. ஐயர் வழக்கறிஞர். பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கோடு 1907இல் இரங்கூனிலிருந்து இலண்டன் சென்றார். அங்கே ஹைகேற் பகுதியில், 1905இற் சியாம்ஜி கிருஷ்ணவர்மா தொடக்கிய 'இந்தியா ஹவுஸ்' என்னும் மாணவர் இல்லம் இருந்தது. அந்நிய நகரத்தில் இந்திய மாணவனுக்குச் சோறும் படுக்கையும் பேச்சுத்துணையும் தந்த இல்லம் அது. சாவர்க்கர் அங்கிருந்தார். ஐயர் அவருக்கு நெருங்கிய தோழரானார். சட்டப் புத்தகம் பின்தள்ளப்பட்டது. அவ்வட்டத்தைச் சேர்ந்த மதன்லால் டிங்கரா என்ற பொறியியல் மாணவன் 1909 ஜூலை 1ஆந் திகதி கர்சன் வைலி என்ற அதிகாரியை இலண்டனிற் சுட்டுக்கொன்று அடுத்த மாதம் தூக்கிலிடப்பட்டான். 1910இல் ஐயர் பொலிசாரின் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1911 ஜூன் 17ஆந் திகதி, மணியாச்சிப் புகையிரத நிலையத்திலே திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் என்பவரை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டான். வனத்துறையில் வேலைபார்த்த அவ்விளைஞனுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவன் இலண்டனைக் கண்டவனல்லன். புதுச்சேரியில் அவன் பெற்ற துப்பாக்கிப் பயிற்சியில் ஐயருக்குப் பங்கிருந்ததாகச் சொல்லப்படுகின்றது.

ஐயர் அதன்பின்னும் வாழ்ந்தார். கதை எழுதினார், கம்பனை ஆராய்ந்தார், காந்தியத்தின்பாற் சாய்ந்தார், சேரன்மாதேவியிற் குருகுலம் அமைத்தார், அங்கே சமபந்திக்கு இடமளிக்காமையாற் கண்டனத்துக்கும் ஆளானார், 1925இற் பாபநாசம் அருவியில் வீழ்ந்த மகளைக் காப்பாற்ற முனைந்து இறந்தார். நாற்பத்துநான்கு ஆண்டு வாழ்வில் மனம் மாறுவதற்கும் தவறு செய்வதற்கும் அவருக்குக் காலம் கிடைத்தது. வாஞ்சிக்கு அக்காலம் கிடைக்கவில்லை. இன்று அந்நிலையத்துக்கு 'வாஞ்சி மணியாச்சி' என்று பெயர். அவனது வீரத்தை அளப்பது என் வேலையன்று. நகரத்திலிருந்து சொல்லைக் கொண்டுவருபவர் ஒருவராகவும், அச்சொல்லுக்காக ஊரிலே உயிர் கொடுப்பவர் வேறொருவராகவும் இருக்கும் இந்த ஏற்பாடு மாத்திரமே என் கவனத்துக்குரியது.

ஏனெனில் எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது.

அப்பம்மாவுக்கு எழுபதுகளின் நடுப்பகுதியிலேயே கண்ணிற் படலம் படரத் தொடங்கிவிட்டது. அப்பப்பா பட்டறையிலிருந்து வர இரவாகும். ஆகையால் இலண்டன் கடிதங்களை அவவுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பு வீட்டின் கடைக்குட்டியான சித்தப்பாவுக்கு வந்தது. அவர் 1966இற் பிறந்தவர். வாசிக்கத் தொடங்கியபோது பத்து வயது. அப்பா சொல்லுவார்: சித்தப்பா கடிதத்தை மூன்று முறை வாசிப்பாராம். முதன்முறை அப்பம்மாவுக்கு, இரண்டாம் முறை குசினி வாசலிலிருந்து தனக்கு, மூன்றாம் முறை கொய்யாமரத்தடியிற் கூட்டாளிகளுக்கு. 'மக்கள்', 'எழுச்சி', 'தியாகம்' என்ற சொற்களை அவர் பாடப்புத்தகத்திற் கற்கவில்லை. தான் நேசித்த, முகம் மறந்துபோன ஓர் அண்ணனின் கையெழுத்திற் கற்றார்.

1983ஆம் ஆண்டு ஜூலை எங்கள் ஊரையும் எரித்தது. 1984இல், க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கையில், சித்தப்பா வீட்டைவிட்டுப் போனார். எந்த இயக்கத்திற்கு என்பதை அப்பம்மா கடைசிவரை வாயாற் சொன்னதில்லை. நானும் இங்கு எழுதவில்லை. மாற்றுச் சட்டை இரண்டையும் இருபத்துமூன்றாம் கடிதத்தையும் எடுத்துச் சென்றார். 1987இன் தொடக்கத்தில் அவர் இறந்துவிட்டார் என்று ஒரு செய்தி வந்தது. உடல் வரவில்லை. எந்த இடத்தில், யார் கையால் என்பதற்கு ஒன்றுக்கொன்று முரணான மூன்று கதைகள் வந்தன. அப்பம்மா மரணச் சான்றிதழ் எடுக்க இறுதிவரை உடன்படவில்லை.

இவற்றையெல்லாம் நான் அறிந்தே வளர்ந்தேன். அறிந்திருந்தும் எனக்கு நேர்ந்ததை இனிச் சொல்லுகின்றேன்.

பல்கலைக்கழகத்திற்கு வந்த முதலாம் ஆண்டு எனக்கு ஆங்கிலம் போதவில்லை. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பர். வாள் என்பது பொருள். வெட்டப்படுபவர் எல்லாருக்கும் அச்சொல் பொதுவானது. ஒரு நாள் வகுப்பில் நான் ஒரு சொல்லைத் தவறாக உச்சரிக்கப் பின்வரிசை சிரித்தது. அன்று மாலை விடுதிக்கு வந்து, சாப்பிடாமற் படுத்திருந்தேன். எங்கள் மாடியின் கோடியறையில் இருந்த மூத்த மாணவர் ஒருவர் வந்து, "தம்பி, எந்த ஊர்?" என்று கேட்டார். வெறுந்தேநீரும் பணிசும் தந்தார். அன்றுதொட்டு அவ்வறை எனது அறையாயிற்று.

அங்கு பேசப்பட்டவற்றிற் பெரும்பகுதி உண்மை. 2006 ஜனவரி 2ஆந் திகதி எங்கள் ஊர்க் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதும், 2019இற் குற்றஞ்சாட்டப்பட்ட அதிரடிப்படையினர் பதின்மூவரும் போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டதும் உண்மை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரம் அமர்ந்திருப்பதும் உண்மை. அவ்வறையிற் பேசியோரைப் பொய்யர் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். உண்மைகளுக்கு நடுவே, மெல்ல, 'துரோகி' என்ற ஒரு சொல் வந்து அமர்ந்தது. முதலில் அது இறந்தவர்களுக்கு வழங்கியது. பின்னர் அரசியல்வாதிகளுக்கு. பின்னர் ஒரு விரிவுரையாளருக்கு. கடைசியில், எங்களுக்கு ஓராண்டு இளையவனான ஒரு மாணவனுக்கு.

அவன் செய்த குற்றம் இதுதான்: சுவர்ச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினான். எண்பதுகளிலே தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்ததையும், சொந்த மக்களுள் மாற்றுக் கருத்துடையோர் கொல்லப்பட்டதையும் எழுதியிருந்தான். ஓர் இரவு ஐவர் அவனுடைய அறைக்குச் சென்றனர். அடிக்கவில்லை. அவனுடைய குறிப்புப் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கிழித்தனர். நான் உள்ளே போகவில்லை. விறாந்தையின் முனையில், யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கடதாசி கிழியும் ஓசை நெடுநேரம் கேட்டது. எனக்கு அச்சமாக இருந்தது என்று இங்கு எழுதினால் அது பாதி உண்மையே. நான் அன்று தனியனல்லன் என்ற மகிழ்ச்சியும் என்னிடம் இருந்தது. அதை மறைத்தால் இக்கட்டுரையை எழுதுவதிற் பயனில்லை.

அடுத்துவந்த விடுமுறைக்கு ஊர் சென்றபோதே கடிதங்களை எடுத்து வாசித்தேன். பதினொராம் கடிதத்தில், முதற் கூட்டத்தைப் பற்றிப் பெரியப்பா எழுதியிருந்த முதல் வாக்கியம், அங்கே சோறும் பருப்புக்கறியும் கொடுத்தார்கள் என்பது.

அதன்பின் கையிற் கிடைத்த நூல்களை வாசித்தேன். இலவசக் கல்வியால் எழுதப்படிக்கக் கற்று, தொழிலும் மதிப்பும் கிடையாத சிங்களக் கிராமத்து இளைஞர் 1971 ஏப்ரலிற் கிளர்ந்தெழுந்தனர். அவர்களின் தலைவரான ரோகண விஜேவீர மொஸ்கோவில் மருத்துவம் பயிலச் சென்று, பட்டம் பெறாது திரும்பியவர். 1987 முதல் 1989 வரையிலான இரண்டாவது கிளர்ச்சியின் பின் அமைக்கப்பட்ட இளைஞர் ஆணைக்குழு தனது 1990ஆம் ஆண்டு அறிக்கையில் ஆராய்ந்ததும் இம்மனக்குறையையே. 'கொலம்பட்ட கிரி, அபட்ட கெகிரி' என்பது அவ்விளைஞரின் வாசகம்: கொழும்புக்குப் பால், எங்களுக்குக் கெக்கரிக்காய். பின்னாளிற் பொல்பொட் எனப்பட்ட சலோத் சார் 1949இல் வானொலித் தொழினுட்பம் கற்கப் பரிசு சென்று, பரீட்சையிற் தவறி, புலமைப்பரிசிலை இழந்து, 1953இல் நாடு திரும்பினார். பரிசிலிருந்த காலத்தில் கம்போடிய மாணவரின் படிப்பு வட்டத்தில் அவர் ஒருவர். அவருடைய ஆட்சியில் ஏறத்தாழப் பதினேழு இலட்சம் பேர் மாண்டனர். ஹாம்பேர்க் நகரில் நகரத் திட்டமிடல் பயின்ற எகிப்திய மாணவனொருவன் 2001 செப்ரெம்பர் 11ஆந் திகதி விமானமொன்றை நியூயோர்க் கோபுரத்தில் மோதினான்.

இவர்களை ஒரே தராசில் இடுதல் தவறு. நோக்கங்கள் வேறு, செயல்கள் வேறு, அளவுகள் வேறு. வறுமைதான் காரணம் என்றும் முடித்துவிட இயலாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று எங்கள் நாட்டிற் குண்டுகளைக் கட்டிச் சென்றோருள் செல்வந்த வணிகரின் மக்கள் இருந்தனர். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கற்ற ஒருவரும் இருந்தார். தனிமையும் தானாக ஒருவனைக் கெடுப்பதில்லை. 1888இல் இலண்டன் சென்ற காந்தி என்ற கூச்சமுள்ள இளைஞனும் தனிமையில் வாடினான். அவனுக்குத் திறந்த கதவு சைவ உணவாளர் சங்கத்தின் கதவு. அதே காந்தி 1909இல், டிங்கரா சுட்ட சில நாள்களில், மீண்டும் இலண்டன் வந்து, 'இந்தியா ஹவுஸ்' வட்டத்து இளைஞரோடு வாதிட்டு, திரும்பும் கப்பலிலே அவர்களுக்கு விடையாக 'இந்திய சுயராச்சியம்' என்ற நூலை எழுதினார். அவர்களுடைய தேசபக்தியை அவர் மறுக்கவில்லை, வழியை மறுத்தார். மனக்குறையை உண்டாக்குவது அநீதி. ஆனால் அந்த மனக்குறையோடு ஒருவன் எந்த வாசலிற் போய் நிற்பான் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பசித்திருந்த மாலையில் "எந்த ஊர்?" என்று முதலிற் கேட்டவர் யார் என்ற தற்செயலே. இவ்வுண்மை எனக்கு ஆறுதல் தரவில்லை. எனது கொள்கை எனது தெளிவாற் பிறந்தது என்று நம்பியிருந்தவன் நான்.

பெரியப்பா சென்ற ஆண்டு சித்திரை விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்துவிட்டார். கணக்காளராகவில்லை, அஞ்சலகத்திற் தொழில் பார்த்து ஓய்வுபெற்றவர். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத் தெரியாது. மாலைகளில் முன் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து கப்பற் சங்கைக் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் மாலை நான் கேட்டேன்.

"பெரியப்பா, இருபத்துமூன்றாம் கடிதத்தில நீங்கள் என்ன எழுதினீங்கள்?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஞாபகம் இல்லை, மகன்" என்றார்.

இருபத்திரண்டையும் இருபத்துநான்கையும் கொண்டுவரச் சொன்னார். முன்னையது 1979 ஐப்பசி. பின்னையது 1980 பங்குனி. பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து சில மாதங்கள் கழிந்த காலம். இரண்டையும் கண்ணாடியை ஏற்றியிறக்கி வாசித்தார். இடையில் தாம் என்ன எழுதியிருக்கக்கூடும் என்று விரலால் வரிகளைத் தொட்டுத் தேடினார். அடுத்த நாளும் தேடினார். அகப்படவில்லை.

"பெற்றோல் செற்றில இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஆக்கள் வராயினம். அப்பதான் எழுதுறது. ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்துகொண்டு சாகிறதைப் பற்றி எழுதினன், மகன். எல்லாம் கேட்ட பேச்சு. எழுதினா நானும் ஏதோ செய்யிற மாதிரி இருக்கும்."

"சித்தப்பா வாசிப்பார் எண்டு தெரியாதா?"

"அம்மா வாசிப்பா எண்டுதான் எழுதினன். அம்மாவுக்குக் கண் தெரியேல்லை எண்டு எனக்கு ஒருத்தரும் எழுதேல்லை. நான் கவலைப்படுவன் எண்டு விட்டிட்டினம்." சற்று நேரங்கழித்து, "சின்னவன் என்னை ஒரு கேள்வியும் கேட்டு எழுதினதில்லை. கேட்டிருந்தா..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

நான் விறாந்தை முனையில் நின்ற இரவை அவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவர் கண்டிக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. "அந்தப் பெடியன்ர புத்தகத்துக்கு என்ன செய்தனி?" என்று மாத்திரம் கேட்டார்.

அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. குற்றவுணர்வு இருந்தது, வாசிப்பு இருந்தது, பொல்பொட் முதற் காந்தி வரை ஒப்பிட்டு ஆராயும் திறமையும் இருந்தது. கிழிந்த புத்தகத்திற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. நானும் 'மக்களை'ப் பற்றிச் சிந்தித்துக்கொண்டு ஒருவனுடைய பெயரை மறந்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இவ்விதழை வாசிப்போருள் விரிவுரையாளர்களும் உளர். அவர்களிடம் பணிவோடு ஒன்று சொல்ல விரும்புகின்றேன். கோடியறைகளை மூடிவிட்டால் இப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணற்க. அவ்வறையில் எனக்குக் கிடைத்த தேநீரும் விசாரிப்பும் வேறெங்கும் கிடைக்கவில்லை. முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் சாப்பிடாமற் படுத்திருக்கிறான் என்பதை அறியும் ஏற்பாடு எங்கள் கல்வியமைப்பில் இல்லை, கோடியறையிடம் இருக்கின்றது. என் சக மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவதும் ஒன்றுண்டு. ஓர் அறையில் உண்மை பேசப்படுகின்றது என்பதால் அங்கே சொல்லப்படும் யாவும் உண்மையாகிவிடுவதில்லை. கேள்வி கேட்பவனுக்கு அங்கே தொடர்ந்தும் தேநீர் கிடைக்கின்றதா என்று பாருங்கள். சித்தப்பா கேட்டெழுதாத கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

விடுமுறை முடிந்து இரவுப் புகையிரதத்திற் திரும்பினேன். அம்மாணவன் கற்கும் பாடங்கள் முந்திய ஆண்டு நான் கற்றவையே. அரசறிவியற் குறிப்புகளை ஒரு புதிய புத்தகத்தில் எனது கையால் எழுதத் தொடங்கினேன். ஒன்பது நாள் சென்றது, எண்பத்துநான்கு பக்கம். கோடியறையில் இருந்தவர்கள் கண்டார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் எனக்கு அங்கே தேநீர் கிடைக்கவில்லை.

புத்தகத்தைக் கொண்டுபோய் அவனுடைய அறை வாசலில் நின்று நீட்டினேன். அன்று வெளியில் நின்றவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவன் அது தனக்குத் தெரியும் என்றான். புத்தகத்தை வாங்கி, நின்றபடியே தாள்களைப் புரட்டினான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இதில இரண்டாம் அலகு இல்லை, அண்ணா" என்றான்.

அறைக்குத் திரும்பி இரண்டாம் அலகை எழுதத் தொடங்கினேன்.